பழைய ஆர்கேட் பெட்டியோடு ஒற்றைப்பலகைக் கணினியை இணைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையை ஒட்டிய சிறிய அறையில், நாணயம் போட்டு விளையாடும் வீடியோ கேம் இயந்திரமான ஆர்கேட் பெட்டி ஒன்று நிற்கிறது. அதைப் பார்க்க வரும் நண்பர்களும், தங்களிடமும் இப்படியொன்று தூசி படிந்து கிடக்கிறது என்று தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரே நிலைப்பாடுதான் இருக்கிறது. பெட்டிக்குள் ஏற்கெனவே ஓடும் வயர்களில் ஒன்றைக்கூட வெட்டாமல், பழைய விளையாட்டுப் பலகை (விளையாட்டை ஓட்டும் மின்சுற்றுப் பலகை) செருகப்பட்டிருந்த அதே இடத்தில் கணினியைச் செருக வேண்டும். நாளைக்கே கணினியைக் கழற்றிவிட்டுப் பழைய பலகையைத் திரும்பச் செருகினால் பெட்டி முன்போலவே ஓட வேண்டும்.

எந்தக் கணினியை வாங்குவது? புதியதுதான் நல்லதா?

இந்த வேலையில் புதியது என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது. ஒற்றைப்பலகைக் கணினியான ராஸ்பெரி பை (சுருக்கமாகப் ‘பை’) 2012 பெப்ரவரி 29 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பையை ஆர்கேட் பெட்டியின் இணைப்பியோடு தொடுக்கவென்று பிறகு உருவான துணைப்பலகைகளில் பெரும்பாலானவை மூன்றாம், நான்காம் தலைமுறைப் பைகளின் 40 கால்களையும் (வயர்களைத் தொடுக்கும் உலோக ஊசிகள்) அவற்றின் அமைப்புக் கோப்பு எழுதப்படும் முறையையும் நம்பி வடிவமைக்கப்பட்டவை. 2023 இல் வந்த பை 5 இல் அந்தக் கால்களை ஆர்பி1 என்ற வேறொரு சிப் இயக்குவதால், பழைய துணைப்பலகைகள் அதில் அப்படியே வேலை செய்யும் என்று எண்ணிவிடக்கூடாது. 1980களினதும் 1990களின் முற்பகுதியினதும் இருபரிமாண விளையாட்டுகளுக்குப் பை 3பி+ போதும். அதற்குப் பிந்தியவற்றையும் ஓட்ட விரும்பினால் பை 4 வாங்கலாம். முதலில் துணைப்பலகையைத் தீர்மானித்து, அது எந்தப் பையை ஏற்கும் என்று வாசித்தறிந்து, அதன் பிறகே கணினிக்குக் காசு கொடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டே என்னை அழைக்கிறார்கள்.

என் பெட்டி இதற்கு ஏற்றதா என்று எப்படி அறிவது?

பின்கதவைத் திறந்து, விளையாட்டுப் பலகையின் விளிம்பில் மாட்டியிருக்கும் நீளமான இணைப்பியைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 28 வீதம் இரு பக்கமும் 56 தொடுகைகள், அவற்றுக்கிடையே 3.96 மில்லிமீற்றர் இடைவெளி என்று இருந்தால் அது பெரும்பாலும் ஜாமா இணைப்பியாக இருக்கும். ஜப்பானிய விளையாட்டு இயந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரால் 1985 ஆம் ஆண்டளவில் வந்த இந்த நியமத்தின் நோக்கமே, பெட்டியை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றிப் புதிய விளையாட்டை விற்பதுதான். ஆகவே கணினியை இன்னொரு விளையாட்டுப் பலகையாகப் பாவித்து அதே இடத்தில் செருகுவது அந்த நியமத்துக்கு விரோதமானதல்ல. அது எதற்காக ஏற்பட்டதோ அதையே நாமும் செய்கிறோம்.

1985க்கு முந்திய பெட்டிகளில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கால்களை ஒதுக்கிய காலம் அது. எடுத்துக்காட்டாக, 1980 இன் பேக்-மேன் பெட்டியில் இருப்பது 44 தொடுகை இணைப்பி. அதில் பலகைக்குச் செல்வது 5 வோல்ற் நேரோட்டம் அல்ல, 7 வோல்ற் ஆடலோட்டம். அதைப் பலகையே தனக்குள் நேரோட்டமாக மாற்றிக்கொள்ளும். இதை அறியாமல் கணினியைத் தொடுப்பவருக்கு அது ஒரு கணம்கூட உயிரோடிராது. இத்தகைய பெட்டியைக் குடைந்து மாற்றுவதைவிட, அதன் சொந்தப் பலகையைத் திருத்தி வைத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

ஜாமா இணைப்பியில் எந்தக் காலில் என்ன இருக்கிறது?

பாகங்கள் பதிக்கப்பட்ட பக்கத்தை 1 முதல் 28 வரை எண்களாலும், பற்றாசுப் பக்கத்தை எழுத்துகளாலும் குறிப்பார்கள். இரு பக்கத்திலும் முதல் இரண்டும் கடைசி இரண்டும் நிலத்தொடுப்பு. 3, 4 இல் 5 வோல்ற். 5 இல் எதிர் 5 வோல்ற். 6 இல் 12 வோல்ற். 7 இல் தொடுகைக்குப் பதிலாக ஒரு தடுப்புச் சாவி. 10 ஆம் இடத்தின் இரு பக்கங்களும் ஸ்பீக்கருக்கு உரியவை. 12 இல் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும், 13 இல் நீலமும் ஒத்திசைவும் (கோடும் படமும் எப்போது தொடங்கும் என்று திரைக்குச் சொல்லும் சமிக்ஞை) வருகின்றன. 16 இல் நாணயம், 17 இல் தொடக்கப் பொத்தான், 18 முதல் 21 வரை ஜொய்ஸ்டிக்கின் நான்கு திசைகள், 22 முதல் 24 வரை மூன்று பொத்தான்கள். ஒரு பக்கம் முதலாம் ஆட்டக்காரருக்கும் மறுபக்கம் இரண்டாமவருக்கும் உரியது.

7 ஆம் இடத்துச் சாவியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என் பெட்டியில் அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. இணைப்பியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அப்படி மாட்டினால் நிலத்தொடுப்பு நிலத்தொடுப்பின் மேலேயே விழுவதால் ஃபியூஸ் எரிந்து எச்சரிப்பதில்லை. ஆனால் 6 ஆம் இடத்து 12 வோல்ற் எதிர்ப்பக்கத்து 23 ஆம் இடத்துக்கு, அதாவது இரண்டாம் பொத்தானின் உள்ளீட்டுக்கு, வந்து சேர்கிறது. ராஸ்பெரி பையின் கால்கள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காதவை. மணம்தான் முதலில் வந்தது.

கணினியின் எச்டிஎம்ஐ வெளியீட்டை ஒரு மாற்றியின் மூலம் மொனிட்டருக்குக் கொடுத்தால் போதாதா?

போதாது, மொனிட்டரைக் கெடுக்கவும் கூடும். இந்த வேலையில் உண்மையான சிக்கல் கணினியில் இல்லை, படக்குழாயில் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

படக்குழாயில் மின்கதிர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாகத் திரையை வரைகிறது. பழைய ஆர்கேட் மொனிட்டரில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 262 கோடுகள், வினாடிக்கு 60 படங்கள்; இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு 15,720 கோடுகள். இதைத்தான் 15 கிலோஹேர்ட்ஸ் கிடை மீடிறன் என்கிறோம். சாதாரணக் கணினித் திரையின் மிகக் குறைந்த நிலையான 640க்கு 480 இல், திரையில் தெரியாத மறைவுக் கோடுகளோடு 525 கோடுகளை 60 தடவை வரைய வேண்டியிருப்பதால் அது 31,500 ஆகிறது. பாதி வேகத்துக்கென்று அமைக்கப்பட்ட சுற்றுக்கு இரு மடங்கு வேகத்தில் கட்டளை போனால் படம் கிழிந்து உருளும், கீச்சென்ற ஒலி எழும். அப்படியே விட்டுவிட்டால் கிடைத்திசை வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் எரிந்துபோகலாம். கணினி தொடங்கும் முதல் சில வினாடிகளில் வரும் வானவில் திரையும் எழுத்துகளும்கூட 31 கிலோஹேர்ட்ஸில் வரக்கூடும் என்பதால், தவறான மீடிறனைத் தானே தடுத்து நிறுத்தும் துணைப்பலகையை வாங்குவது நல்லது. அது இல்லாதவர்கள் கணினி முழுவதும் தொடங்கிய பிறகே மொனிட்டருக்கு மின் கொடுக்கும் தனி ஆளி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

எச்டிஎம்ஐக்கு இன்னொரு தடையும் உண்டு. அது வினாடிக்கு 2.5 கோடிப் புள்ளிகளுக்குக் குறைவாக அனுப்பாது. 320க்கு 240 படமொன்றுக்கு, ஓரங்களையும் சேர்த்தாலும், வினாடிக்கு 63 இலட்சம் அளவில்தான் தேவை. இந்தக் குறையை நிரப்ப ஒரு தந்திரம் செய்வார்கள்: கோடுகளின் எண்ணிக்கையை 240 ஆகவே வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் 1920 ஆக நீட்டிவிடுவார்கள். படக்குழாய்க்குக் கோடுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு கோட்டுக்குள் எத்தனை புள்ளிகள் என்பதை அது எண்ணுவதில்லை. 1920ஐ 320 ஆல் வகுத்தால் 6, 384 ஆல் வகுத்தால் 5 என்று மீதியின்றி வருவதால், அவ்வகலங்களில் ஓடும் விளையாட்டுகள் சிதைவில்லாமல் தெரியும்.

அப்படியானால் 15 கிலோஹேர்ட்ஸ் படத்தைக் கணினியிலிருந்து எடுக்கும் நல்ல வழி எது?

பையின் 40 கால்களிலிருந்தே நேராக எடுப்பதுதான். அவற்றில் 28 கால்களை இணைநிலைக் காட்சி வெளியீடாக மாற்றலாம். ஒரு நிறத்துக்கு 6 கால்கள் என்று மூன்று நிறத்துக்கும் 18 கால்கள், அவற்றோடு தடையிகளால் ஆன ஓர் ஏணி. இதுவே எண்களை மின்னழுத்தமாக மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 64 படிகள், மொத்தம் 2,62,144 நிறங்கள் என்பது அக்காலத்து விளையாட்டுகளுக்குத் தாராளம். ஆனால் ஒத்திசைவுக்கும் கடிகாரத்துக்கும் இன்னும் நான்கு கால்கள் போக மிஞ்சுவது ஆறே கால்கள். இரண்டு ஆட்டக்காரருக்கு வேண்டியதோ திசைகள், பொத்தான்கள், தொடக்கம், நாணயம் என்று பதினெட்டு. அதனால் பை2ஜாமா போன்ற தயார்ப் பலகையை வாங்காமல் தாமே ஏணி கட்டுபவர்கள், பொத்தான்களை யூஎஸ்பி வழியாகவே கொண்டுவர வேண்டியிருக்கும்.

பையின் கால்களில் கிடைத்திசை ஒத்திசைவும் நிலைக்குத்து ஒத்திசைவும் தனித்தனியே வருகின்றன. ஜாமா எதிர்பார்ப்பதோ இரண்டும் கலந்த ஒரே சமிக்ஞை. தயார்ப் பலகைகள் இதையும் கலந்தே தருகின்றன.

படம் வருகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது. திரையின் பிரகாசத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். தடையி ஏணியிலிருந்து வருவது 0.7 வோல்ற் உச்சமுள்ள சமிக்ஞை; பழைய ஆர்கேட் மொனிட்டர்கள் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த சமிக்ஞைக்குப் பழகியவை. பின்புறத்தில் குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃபிளைபேக் நிலைமாற்றியில் உள்ள திருகை முறுக்கிப் பிரகாசத்தை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும், மேலிருந்து கீழாகச் சாய்கோடுகள் தோன்றும், குழாயின் ஆயுளும் குறையும். குறை சமிக்ஞையில் இருப்பதால் திருத்தமும் சமிக்ஞையில்தான் நடக்க வேண்டும்: வீடியோ பெருக்கி உள்ள துணைப்பலகையைப் பாவியுங்கள்.

எல்லா விளையாட்டுகளும் வினாடிக்கு 60 படங்கள்தானா?

இல்லை. பேக்-மேன் 60.6, ஆர்-டைப் 55, மோர்ட்டல் கொம்பட் 54.7 என்று ஒவ்வொன்றும் வேறுபடும். எல்லாவற்றையும் 60 இல் ஓட்டினால் சிலவற்றில் அசைவு விக்கும் அல்லது இசை விரையும். மொனிட்டரின் நிலைக்குத்துப் பிடிமானத் திருகுக்கு இந்த வித்தியாசத்தைத் தாங்கும் அளவு இடம் பொதுவாக இருக்கும். விளையாட்டுக்கேற்ப மீடிறனை மாற்றும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் போதும். பேக்-மேன் போன்ற நெட்டைத் திரை விளையாட்டுகளைக் கிடையாகப் பொருத்திய குழாயில் ஓட்டினால் 288 கோடுகளை 240க்குள் நெரிக்க வேண்டிவரும். அதற்கு நல்ல மருந்து குழாயையே திருப்பிப் பொருத்துவது. அதைச் செய்ய மனமில்லாதவர்கள் அந்த விளையாட்டுகளை விட்டுவிடுவதே நல்லது.

ஜொய்ஸ்டிக்கையும் பொத்தான்களையும் எப்படி இணைப்பது?

இது எளிது. ஜாமாவில் எல்லாப் பொத்தான்களும் நிலத்தொடுப்புக்குத் தொடுபடும் வெறும் ஆளிகள்தான். துணைப்பலகை இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஆறு பொத்தான் வேண்டிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்றவற்றுக்கு மட்டும் மேலதிகப் பொத்தான்கள் ஜாமாவுக்கு வெளியே தனி இணைப்பியில் வரும்.

பொத்தான் அழுத்தியும் வேலை செய்யவில்லையென்றால் மென்பொருளைத் துருவுமுன் ஆளியின் தகடுகளைப் பாருங்கள். கடற்காற்றில் அவை பச்சை பிடித்திருக்கும். இணைப்பியின் தொடுகைகளை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, பழைய பலகையின் விளிம்பைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெல்லத் தேய்த்தால் பாதி நோய் தீர்ந்துவிடும். மாற்று ஆளி வாங்கும்போது அதன் காதுகளின் (வயர் மாட்டும் தகடுகளின்) அகலத்தை அளந்துகொண்டு போங்கள்: சன்வா வகையில் 2.8 மில்லிமீற்றர், ஹாப் வகையில் 4.8 மில்லிமீற்றர்.

ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ற் பெட்டியை எங்கள் 230 வோல்ற்றில் ஓட்டலாமா?

நேரே செருகவே கூடாது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸும் மேற்கில் 60 ஹேர்ட்ஸும் பாவனையில் இருப்பதால், அங்கு செய்த பெட்டிகள் இரண்டையும் தாங்கும். ஆகவே மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தால் போதும். அமெரிக்கப் பெட்டிகளில் 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் சுற்றப்பட்ட நிலைமாற்றி இருக்கலாம். எங்கள் 50 ஹேர்ட்ஸில் அது அளவுக்கு மீறிச் சூடாகும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் படிகுறைப்பு நிலைமாற்றிகள் பெரும்பாலும் ஒரே சுற்றில் நடுவே கிளை எடுத்தவை. அவை மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன, ஆனால் பிரதான மின்வழங்கலிலிருந்து பெட்டியைத் தனிப்படுத்துவதில்லை. பழைய மொனிட்டர்கள் பலவற்றில் சுற்றின் நிலத்தொடுப்பே மின்வழங்கலோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பெட்டிக்குள் ஒரு தனிப்படுத்தும் நிலைமாற்றி இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட அமைப்பு அது. யாராவது இடையில் அதைக் கழற்றியிருந்தால், படச் சமிக்ஞையின் நிலத்தொடுப்பு வழியாகக் கணினிக்கும், கணினியைத் தொடுபவருக்கும் மின் பாயும். இரு சுற்றுகள் தனித்தனியாக உள்ள நிலைமாற்றி இருக்கிறதா என்று மல்டிமீற்றரால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்றும் எண்ணாதீர்கள். தனிப்படுத்தும் நிலைமாற்றிக்கு அப்பால் நடக்கும் மின்கசிவு அதன் கண்ணில் படாது.

கணினிக்கான 5 வோல்ற்றைப் பெட்டியிலிருந்தே எடுக்கலாமா?

எடுக்கலாம், அதற்கு முன் அளக்க வேண்டும். பெட்டியின் மின்வழங்கியில் 5 வோல்ற்றைச் சரிசெய்யும் சிறு திருகு இருக்கும். முப்பது வருடங்களில் எத்தனையோ பேர் அதை முறுக்கியிருப்பார்கள். நீண்ட வயரில் மின்னழுத்தம் விழும் என்பதால் மின்வழங்கியில் அளப்பது பயனற்றது. இணைப்பியின் முனையில், சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். 4.63 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பை எச்சரிக்கை காட்டும், 5.25க்கு மேல் ஏறவிடக்கூடாது. 5.1 இல் நிறுத்துவது என் வழக்கம். பெரிய பலகைகளுக்காகச் செய்த சில பழைய மின்வழங்கிகள், பை உண்ணும் சிறிய மின்னோட்டத்தில் நிலைகொள்ளாமல் தடுமாறும். அப்படியானால் கணினிக்கு 3 அம்பியர் தனி மின்வழங்கி ஒன்றை வைத்து, நிலத்தொடுப்பை மட்டும் பொதுவாக்குங்கள்.

ஒலி எப்படி?

ஜாமாவின் 10 ஆம் இடத்துக்கு வேண்டியது பெருக்கப்பட்ட, ஸ்பீக்கரை நேரே ஓட்டும் சமிக்ஞை. பையின் வெளியீடு அதற்குப் போதாது. பை 5 இல் ஒலித்துளையே இல்லை. பிஏஎம்8403 சிப் கொண்ட சிறிய 5 வோல்ற் பெருக்கி போதும். ஒரு எச்சரிக்கை: அந்தச் சிப்பின் இரு வெளியீட்டு முனைகளில் எதையும் நிலத்தொடுப்பில் கட்டக்கூடாது. சில பெட்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை உலோகச் சட்டத்தோடு கட்டியிருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

நாணயப் பொறியை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம், வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய வேடிக்கை. மாதிரி நாணயத்தோடு ஒப்பிட்டு ஏற்கும் வகையென்றால், உள்ளே ஒரு பத்து ரூபாய்க் குற்றியை மாதிரியாக வைத்தால் பத்து ரூபாயை மட்டும் ஏற்கும். அத்தகைய பொறிக்கு 12 வோல்ற் தேவை. எண்ணும் கருவியும் 12 வோல்ற் சுருளால் இயங்குவதால் அதைப் பையின் காலோடு நேரே தொடுக்கக்கூடாது.

படக்குழாய் ஆபத்தானதா? கொழும்பில் யார் திருத்துவார்கள்?

ஆபத்தானதுதான். வண்ணக் குழாயின் அனோட்டில் 20,000 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாய் கொள்ளளவியைப் போல ஏற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். கணினியை இணைக்கும் வேலை முழுவதையும் குழாய்க்கு அருகே கை கொண்டுபோகாமலே செய்யலாம், அப்படியே செய்யுங்கள். கழுத்துப் பகுதியின் கண்ணாடி மெல்லியது. ஒரு தட்டில் உடைந்தால் காற்று புகுந்து குழாய் செத்துவிடும்.

திருத்தத்தைப் பொறுத்தவரை நாங்கள் நினைப்பதைவிட அதிர்ஷ்டசாலிகள். 1979 இல் தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று தசாப்தங்களாகப் படக்குழாய்ப் பெட்டிகளைத் திருத்திய தலைமுறை ஒன்று கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் தெகிவளையிலும் இன்னும் இருக்கிறது. நமது தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) என்பதன் கிடை மீடிறன் 15,625. ஆர்கேட் மொனிட்டரின் மீடிறன் அதற்குப் பக்கத்து வீடு. ‘வீடியோ கேம் மெஷின்’ என்று சொன்னால் அவர்கள் தயங்குவார்கள். ‘அன்ரனா இல்லாத பழைய கலர் டிவி, ஆர்ஜிபி உள்ளீடு’ என்று சொல்லிப் பாருங்கள். வீங்கிய கொள்ளளவிகளையும் வெடித்த பற்றாசுப் புள்ளிகளையும் அவர்கள் ஒரு பின்னேரத்துக்குள் மாற்றித் தந்துவிடுவார்கள்.

குழாய் செத்துவிட்டது. எல்சிடி பொருத்தலாமா?

பொருத்தலாம், அதில் வெட்கமில்லை. பழைய குழாயையும் அதன் சட்டத்தையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட சதுரத் திரைகள் பாவித்த பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அவற்றில் 17, 19 அங்குலத் திரைகள் 1280க்கு 1024, அதாவது ஐந்துக்கு நான்கு. 20 அங்குலத்தில் வரும் 1600க்கு 1200தான் குழாயின் நான்குக்கு மூன்று விகிதத்தோடு சரியாகப் பொருந்தும். அகலத்திரையைப் பொருத்தி இரு பக்கமும் கறுப்புப் பட்டியோடு ஆடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கொழும்பின் ஈரமும் இடியும் மின்வெட்டும் என்ன செய்யும்?

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு ஐந்நூறு மீற்றர்கூட இல்லை. அந்த உப்புக்காற்றில் இணைப்பிகள் மாதக்கணக்கில் மங்குகின்றன; அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த பெட்டி அடியிலிருந்து ஊதத் தொடங்குகிறது. பெட்டியை நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல் நிறுத்துங்கள். பின்கதவு மூடிய பெட்டிக்குள் பகல் வெப்பத்தில் கணினி 80 பாகையை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பத் தகடும் சிறு மின்விசிறியும் இங்கு கட்டாயம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வையுங்கள். ஆளியை அணைப்பது போதாது.

கணினியின் நிரல்களும் கோப்புகளும் இருக்கும் எஸ்டி அட்டைக்கு மின்வெட்டுத்தான் எமன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் நினைவிருக்கும். பழைய விளையாட்டுப் பலகைக்குத் திடீரென மின் போவது ஒரு பொருட்டே அல்ல. கணினியோ அந்தக் கணத்தில் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் சிதையும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு கோப்பு முறைமையை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிடுங்கள். ராஸ்பெரி பையின் அமைப்பு நிரலிலேயே அதற்கான தெரிவு உண்டு. அதன் பிறகு பெட்டியின் பிரதான ஆளியை அந்தக்காலத்தைப் போல டக்கென்று அணைக்கலாம். அட்டையின் பிரதியொன்றையும் எடுத்து வையுங்கள்.

எந்த மென்பொருள்? சட்டப்படி சரியா?

மேம் என்ற எமுலேட்டரை (பழைய பலகையைப் போலவே நடந்து அதன் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் நிரலை) நிக்கோலா சல்மோரியா 1997 பெப்ரவரியில் வெளியிட்டார். 2016 முதல் அது திறந்த மூல உரிமத்தின் கீழ் இருக்கிறது. ரெட்ரோபை, பட்டோசெரா, லக்கா போன்ற தொகுப்புகள் அதையும் அதன் உறவினர்களையும் ஒரே இடத்தில் தருகின்றன. ஜாமா துணைப்பலகை வாங்கியவர்கள், அதன் தயாரிப்பாளர் தரும் தொகுப்பிலிருந்தே தொடங்கினால் மீடிறன் தலையிடி பெரும்பாலும் வராது.

எமுலேட்டர் சட்டபூர்வமானது, விளையாட்டுகளின் தரவுக் கோப்புகள் வேறு விடயம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை வழங்குகிறது; விளையாட்டு பழையது என்பதால் உரிமை அற்றுப்போகாது. ரோபி ரோட்டோ, கிரிட்லி போன்ற சிலவற்றை உரிமையாளர்களே வணிக நோக்கமற்ற பாவனைக்கு விட்டிருக்கிறார்கள். தொடக்கச் சோதனைக்கு அவை நன்று. பெட்டியைக் கடையில் வைத்துக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால், எழுத்து மூல உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள்.

பொருட்களை எங்கே வாங்குவது?

வயர், பெருக்கி, மின்வழங்கி, தடையி ஆகியவற்றைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு காலையில் வாங்கிவிடலாம். எஸ்டி அட்டைக்கும் கணினிச் சில்லறைகளுக்கும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. ஆளிக் காதுகளுக்கான 4.8 மில்லிமீற்றர் பெண் இணைப்பிகளுக்குப் பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகள்தான் இடம். காரின் வயரிங்குக்கு வரும் அதே சரக்கு. ஜாமா துணைப்பலகையை வெளிநாட்டிலிருந்தே வருவிக்க வேண்டும். தீர்வை அடிக்கடி மாறுவதால் கட்டளையிடுமுன் அன்றைய நிலையைக் கேட்டறியுங்கள்.

கழற்றிய பழைய விளையாட்டுப் பலகையை என்ன செய்வது?

விற்காதீர்கள். முதலில் அதில் பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள். நியோ ஜியோ எம்விஎஸ் பலகைகளின் ஏற்றக்கூடிய பற்றரி கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். அதை உடனே கழற்ற வேண்டும். இதற்கு நேர்மாறு கெப்கொமின் சிபிஎஸ்-2: அதன் பற்றரி விளையாட்டின் மறைகுறித் திறவுகோலைக் காத்து நிற்பதால், தெரியாமல் கழற்றினால் பலகை ஊமையாகிவிடும். எந்த வகை என்று அறிந்த பிறகு நிலைமின் தடுக்கும் உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு, பெட்டிக்குள்ளேயே அடித்தட்டில் வையுங்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினியைக் கழற்றி, அழிறப்பரால் விளிம்பைத் துடைத்து, பழைய பலகையைச் செருகி அரை மணிநேரம் ஓட்டிப் பார்க்கிறேன். சென்ற தடவை இரண்டாம் ஆட்டக்காரரின் இடப்பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. ஆளியைத் துடைத்ததும் சரியாகிவிட்டது.